உதைத்த பின் ஓடும் நேரம் யாருடையது?

மத்தியஸ்தராக விரும்பும் மாணவர்க்கு ஒரு பாடம்

(பழைய மாணவன் ஒருவன்)

திருக்குறளில் ‘காலமறிதல்’ நாற்பத்தொன்பதாம் அதிகாரம். அதனை அடுத்து நிற்பது ‘இடனறிதல்’. அரசர்க்கென வகுக்கப்பட்ட இவ்விரு அறிவும் மைதானத்திலே விசில் ஏந்தி நிற்பவனுக்கும் வேண்டற்பாலன என்பதை யான் கல்லூரியிற் பயின்ற காலத்தில் உணரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மலைநாட்டு நல்லதண்ணியில் ஆசிரியனாகப் பணிபுரிந்தபோதே உணர்ந்தேன்.

நல்லதண்ணியைச் சிவனொளிபாத மலையின் அடிவாரமாகவே நம்மவர் பலரும் அறிவர். டிசம்பர் மாதப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை யாத்திரிகர் கூட்டம் அவ்வழியே மலையேறும். ஆயின் அங்கு வாழும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலை வியப்பன்று, சமநிலமே வியப்பு. தேயிலைச் சரிவை வெட்டி நிரவிய சிறு திடலே அவர்களுடைய மைதானம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கமாக ஓங்கி உதைத்த பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு கீழே சென்றுவிடும். ஒரு சிறுவன் இறங்கி, தேடி, எடுத்துக்கொண்டு ஏறிவர ஒன்றிரண்டு நிமிடமேனும் செல்லும். அதற்குள் மூடுபனியும் இறங்கிவிடும்.

அத்தகைய திடலொன்றில் இரு பாடசாலை அணிகளுக்கிடையே நடந்த உதைபந்தாட்டத்துக்கு யான் மத்தியஸ்தனாக நின்றேன். ஒரு கோலால் முன்னின்ற அணியினர், இறுதிப் பத்து நிமிடத்துள் பந்தை மும்முறை பள்ளத்துக்கு உதைத்தனர். யானோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, முள் குறித்த இடத்துக்கு வந்ததும் விசிலை ஊதினேன். தோற்ற அணியின் தலைவன் பதினான்கு வயதுப் பையன். அருகில் வந்து பணிவாகவே கேட்டான்:

“சேர், பந்து தேயிலைக்குள்ள கிடந்த நேரம் யாருடைய நேரம், சேர்?”

மறுமொழி கூற இயலாது நின்றேன். அன்றிரவே விதிநூலைத் தேடி எடுத்தேன். அதன்பின் உதைத்து ஆடும் பிற ஆட்டங்களின் விதிகளையும் கற்கலானேன். அப்பையனின் வினாவுக்கு ஒவ்வோர் ஆட்டமும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. அவற்றையே ஈண்டு முறைப்படக் கூறுகின்றேன்.

அமெரிக்கரின் விடை

காலக்கணக்கை மிக நுட்பமாக வகுத்தவர் அமெரிக்கர். அவர்களுடைய உதைபந்தாட்டம் நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமன்று. 2012ஆம் ஆண்டு இந்தியாவின் ‘எலைட் ஃபுட்போல் லீக்’ தொடங்கியபோது ‘கொழும்பு லயன்ஸ்’ என்ற அணியும் அதில் இடம்பெற்றது.

இவ்வாட்டம் சிறு சிறு முயற்சிகளாகத் துண்டுபட்டு நடப்பது. நடுவில் நிற்பவன் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னுள்ளவனுக்குக் கொடுப்பதுடன் முயற்சி தொடங்கும். அதனை ‘ஸ்னப்’ என்பர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் பதினைந்து நிமிடம் கொண்ட கால்பகுதிகள் நான்கு. கடிகாரம் விதிப்படி நின்றும் ஓடியும் செல்லும். உதை நிகழ்ந்தபின் அது எப்போது ஓடவேண்டும் என்பதே அங்குள்ள மத்தியஸ்தர் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று.

முதலாவது, தொடக்க உதை. கால் பந்திற் படும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. ஆடுகளத்துள்ளே பந்து முறைப்படி தொடப்பட்ட பின்னரே ஓடும். ஐந்து வினாடியே எஞ்சியிருக்கையில் உதைத்த பந்து, எவரும் தொடாமல், எதிர்ப்பக்க இறுதிப் பகுதியையும் கடந்து வெளியேறிற்றாயின் அந்த ஐந்து வினாடியும் குறையாது நிற்கும். காலத்தை அறிய இடத்தையும் அறியவேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இரண்டாவது, ‘பண்ட்’ எனப்படும் உதை. கையிலிருந்து விடுத்த பந்து நிலத்தைத் தொடுமுன் உதைப்பது. இதில் ஸ்னப் தொடக்கமே கடிகாரம் ஓடும். இரண்டு நிமிடம் எஞ்சிய வேளையில் முயற்சி தொடங்கி, பந்தைப் பற்றிய எதிரணியாளன் ஓடி வீழ்த்தப்படும்போது ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி எஞ்சியதெனக் கொள்வோம். பந்து கைமாறியமையால் கடிகாரம் அங்கே நிற்கும். புதிய அணி அடுத்த ஸ்னப்பைச் செய்யும்வரை அசையாது.

மூன்றாவது, கோற் கம்பங்களுக்கிடையே பந்தைச் செலுத்தும் ‘ஃபீல்ட் கோல்’. இதற்கும் ஸ்னப்பிலிருந்தே நேரம் ஓடும். மூன்று வினாடி எஞ்சியிருக்க முயற்சி தொடங்கி, பந்து வானில் பறக்கையில் நேரம் முடிந்துவிட்டாலும், கம்பங்களினூடே சென்றால் புள்ளி உண்டு. தொடங்கிய முயற்சி முடியும்வரை ஆட்டப் பகுதி முடிவதில்லை. ‘டச்டவுன்’ பெற்றபின் அளிக்கப்படும் மேலதிக உதைக்கோ நேரக்கணக்கே கிடையாது.

இவற்றை மத்தியஸ்தர் கையால் அறிவிப்பர். இரு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக அசைத்தால் ‘நிறுத்துக’ என்பது பொருள். ஒரு கையை வட்டமாகச் சுழற்றினால் ‘ஓட்டுக’ என்பது பொருள். கடிகாரம் காப்பவன் அச்சைகையை நோக்கியே இயங்குவான்.

பையனின் வினாவை அமெரிக்கரிடம் கேட்டால், “பந்து வெளியே கிடந்ததை நேரத்துக்குத் தண்டமாக்கோம், வேண்டிய இடத்திற் கடிகாரத்தையே நிறுத்துவோம்” என்பர்.

றக்பியின் விடை

மலைநாட்டில் றக்பி பழைய ஆட்டம். டரவளை, ராதெல்ல மைதானங்களில் தோட்டத்துரைமார் ஆட, நம் மக்கள் வேலிக்கப்பால் நின்று கண்டதுண்டு.

நாற்பது நிமிடம் கொண்ட இரு பாதிகளையுடைய இவ்வாட்டத்தில் நேரம் முடிந்தமாத்திரத்தே ஆட்டம் முடிவதில்லை. அதன்பின் பந்து உயிரிழந்தால்தான் பாதி முடியும். நேரம் முடிந்தபின் தண்ட உதை வழங்கப்பட்டால் ஆட்டம் தொடரும். அவ்வுதையால் பந்தை நேரே பக்கக்கோட்டுக்கு வெளியே செலுத்தினாலும், அதனைத் தொடர்ந்து வரும் வரிசை எறிதலுக்கு இடமுண்டு. ‘ட்ரை’ பெற்ற அணி அதற்குரிய உதையை உதைக்கவும் நேரம் அளிக்கப்படும். எனினும் உதைப்பவன் விரும்பியவாறு காலம் கடத்தவியலாது. தண்ட உதையால் கோல் பெற முயல்வதாக அறிவித்தவன் அறுபது வினாடிக்குள் உதைத்தாக வேண்டும்.

பந்து உயிருடன் உள்ளவரை நேரம் ஆட்டத்துக்கே உரியது என்பது றக்பியின் விடை.

நம் உதைபந்தாட்டத்தின் விடை

நாம் ஆடும் உதைபந்தாட்டத்தில் கடிகாரம் நிற்பதேயில்லை. அதனால், இழந்த நேரத்தை மத்தியஸ்தன் தன் மனத்திலே கணக்கிட்டு, பாதியின் இறுதியிற் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காயம், ஆள்மாற்றம், வேண்டுமென்றே காலம் கடத்துதல் ஆகியவற்றுடன், ஆட்டத்தை மீளத் தொடங்குவதில் நேரும் பெருந்தாமதமும் ஏழாம் விதியில் அடங்கும். பந்து கோட்டைக் கடந்து உடனே திரும்பின் அஃது இயல்பான இடைவேளை. தேயிலைக்குள் இரண்டு நிமிடம் கிடந்தால் அது பெருந்தாமதம். அன்று யான் கொடுத்திருக்க வேண்டிய நிமிடங்களைக் கொடாது விட்டேன் என்பது தெளிவாயிற்று.

இவ்விதியில் இன்னுமொரு நுட்பம் உளது. தண்ட உதை வழங்கப்பட்டபின் நேரம் முடிந்தால், அவ்வுதை நிறைவேறும்வரை பாதி நீட்டப்படும். மூலை உதைக்கு இவ்வுரிமை இல்லை. 1978ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீனாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், ஜூன் 3ஆம் நாள், பிரேசிலும் சுவீடனும் ஆளுக்கொரு கோல் பெற்றிருந்தன. இறுதிக் கணத்தில் பிரேசில் உதைத்த மூலை உதை வானில் வருகையில் வேல்ஸ் நாட்டு மத்தியஸ்தர் கிளைவ் தோமஸ் விசிலை ஊதினார். ஸீக்கோ தலையால் அடித்துப் பந்தைக் கோலுட் செலுத்தினார், கோல் மறுக்கப்பட்டது. அமெரிக்க ஆட்டத்திலோ வானிற் பறந்த அப்பந்து செல்லுபடியாகியிருக்கும்.

விதியின்படி தோமஸ் செய்தது தவறன்று. எனினும் அம்முடிவு பற்றிய மனக்குறை நெடுங்காலம் பேசப்பட்டது. நேரம் முடிந்துவிட்டதெனின் உதைக்கு முன்னரே ஊதுதல் நன்று. உதைக்கவிட்டால் அதன் பயன் முடியும்வரை பொறுத்தல் நன்று. இஃது அடியேன் கருத்து.

காலங் கடத்துவோரைத் தடுக்க விதிகாப்போரும் முயன்றே வருகின்றனர். 2025–26 பருவம் முதல், கோல் காப்பாளர் பந்தை எட்டு வினாடிக்கு மேற் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை வழங்கப்படும். இறுதி ஐந்து வினாடியை மத்தியஸ்தர் கையுயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

ஆகவே நம் ஆட்டத்தின் விடை இது: அந்த நேரம் இரு அணியாருக்கும் உரியது, மத்தியஸ்தனிடம் அடைக்கலமாக வைக்கப்பட்டது. அடைக்கலப் பொருளைக் குறையாது திருப்பிக் கொடுத்தல் அவன் கடன்.

செயற்குரியன

இளம் மத்தியஸ்தர் நான்கினைக் கடைப்பிடிப்பாராக.

ஒன்று: இரு கடிகாரம் வைத்திருங்கள். ஒன்று இடையறாது ஓடுக. மற்றது பெருந்தாமதம் நேரும்போது நிறுத்தப்படுக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நீங்கள் கொடுக்கவேண்டிய கடன்.

இரண்டு: திடலோரத்தில் மேலதிகப் பந்தொன்றை உங்கள் மேற்பார்வையில் வைப்பியுங்கள். இதற்கு விதியில் இடமுண்டு. சரிவான நிலத்தில் இதனினும் சிறந்த காலக்காவல் இல்லை.

மூன்று: இழந்த நேரம் சேர்க்கப்படும் என்பதை ஆட்டத்துக்கு முன்னரே இரு தலைவர்க்கும் கூறிவிடுங்கள். பள்ளத்துக்கு உதைப்பதாற் பயனில்லை என்று அறிந்தவன் உதையான்.

நான்கு: சேர்க்கும் நிமிடங்களை அறிவித்தபின் அதனைக் குறைக்காதீர்கள். அறிவித்தது குறைந்தபட்ச அளவே. வேண்டின் கூட்டலாம், குறைத்தலாகாது.

அடுத்த ஆண்டு அதே திடலில் அவ்விரு அணிகளும் மீண்டும் எதிர்த்தன. தலைவர் இருவரையும் அழைத்து விதியைச் சொன்னேன். பள்ளத்தின் ஓரத்திலே இரு சிறுவரை நிறுத்தினேன். இரண்டாம் பாதியின் முடிவில் நான்கு நிமிடம் சேர்த்துக் கொடுத்தேன். அந்நான்கு நிமிடத்தில் ஒரு கோலும் விழவில்லை. அப்பையனின் அணி மீண்டும் தோற்றது.

ஆயின் இம்முறை அவன் வினவ ஒன்றும் இருக்கவில்லை. கைகொடுத்து, “நன்றி, சேர்” என்று கூறிச் சென்றான். வெற்றியை வழங்குதல் மத்தியஸ்தன் கையில் இல்லை. தோற்றவன் மனக்குறையின்றி வீடு செல்லுமாறு செய்தல் அவன் கையில் உண்டு. கல்லூரித்தாய் தன் ஆண்டுகளை எண்ணி மகிழும் இவ்விழாக்காலத்தில், பிறருடைய நிமிடங்களைக் காக்கும் இச்சிறு கடனை இன்றைய மாணவர்க்கு நினைவூட்டி அமைகின்றேன்.