மறுபடி கோயிலுக்கு: பங்கு மக்களுக்குச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக விதித்த வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தடை 2021 அக்டோபர் நடுவில் நீங்கிவிட்டது. ஞாயிறு திருப்பலிக்கு மணி அடிக்கிறது.

திருப்பலிக்கு அரை மணி முன்பே கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். திருப்பலி முடியும்வரை மூட வேண்டாம். கொரோனா கிருமி மூச்சுக்காற்றில் பரவுவது. பெஞ்சைத் துடைப்பதைவிடக் காற்றோட்டம் முக்கியம். பாடகர் குழு முகக்கவசத்தோடு சன்னலோரம் நிற்கட்டும்.

காணிக்கைப் பை கைமாற வேண்டாம், வாசலில் உண்டியல் போதும். நற்கருணையைக் கையில் வாங்குங்கள்.

முதியவர்களுக்கு வாரநாள் காலைத் திருப்பலி ஏற்றது, கூட்டம் இருக்காது. படுக்கையில் இருப்பவர்களுக்காக யூடியூப் நேரலையைத் தொடருங்கள். அவர்களுக்கு அதுதான் கோயில்.

ஒவ்வொரு அன்பியத்திலும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) இருவர் பொறுப்பேற்று, இன்னும் வராத வீடுகளுக்குப் போய் வாருங்கள். "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்காருங்கள். பயம் சிலருக்கு, கடன் சிலருக்கு, வெறுமையான வீடு சிலருக்கு.

ஊரடங்கில் இறந்த பலரைச் சொந்தபந்தங்களால் கூடி நின்று அடக்கம் செய்ய முடியவில்லை. அந்தத் துயரம் அப்படியே கிடக்கிறது. நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயர்களை இப்போதே தொகுத்து, வீட்டாரிடம் காட்டிச் சரிபாருங்கள். திருப்பலியில் அவசரப்படாமல், ஒவ்வொரு பெயரையும் முழுதாக வாசியுங்கள். அந்தக் குடும்பங்களுக்கு முன்வரிசையில் இடம் வையுங்கள்.