மரப்பட்டையில் வளரும் இலைக்கன்: அடையாளமும் கவனிப்பும்

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களை அடுத்துள்ள காட்டு மரங்களிலும், வேலியோரத்துப் பழமரங்களிலும், சாம்பற்பச்சை நிறமான ஒட்டுகள் பட்டையின்மேற் படர்ந்திருத்தல் வழக்கம். கமக்காரர் சிலர் இவற்றை நோயெனக் கருதிக் கத்தியாற் சுரண்டுகின்றனர். வேறு சிலர் மருந்து தெளிக்கின்றனர். மருந்துச் செலவு வீணாகும். கத்திக் காயமோ உண்மையான நோய்க்கு வாயிலாகும்.

இலைக்கன் யாது?

இது பங்கசும் அல்காவும் ஒன்றுகூடி வாழும் உயிர். இவ்வுண்மையை 1867 ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்துத் தாவரவியலறிஞர் சுவெண்டனர் எடுத்துரைத்தார். அல்கா சூரிய ஒளியில் உணவு ஆக்கும். பங்கசு அதற்கு உறைவிடமளித்து ஈரத்தைக் காக்கும். வேண்டிய உப்புகள் மழைநீரிலும் தூசியிலுமிருந்து கிடைக்கும். மரம் அதற்குத் தங்குமிடம் மட்டுமே.

அடையாளங்கள்

இலைபோல் விரியும் பார்மோத்திரீமா என்னும் இனத்தைப் பின்வருமாறு அறியலாம்:

1. மேற்புறம் சாம்பல் நிறம். நீர் தெளித்தாற் சிறிது நேரத்திற் பச்சை மிகும்.
2. மடல்கள் ஏறக்குறைய விரலகலமானவை. விளிம்பு வட்டமாய்ப் பட்டையை விட்டுச் சற்று உயர்ந்திருக்கும்.
3. அடிப்புறம் கறுப்பு, விளிம்பையடுத்துக் கபிலம்.
4. ஈரமான வேளையில் நகத்தால் மெல்லக் கிளப்பினாற் பெயரும். அதன்கீழ்ப் பட்டை அழுகாதிருக்கும்.

கமுகிலும் தென்னையிலும் காணப்படும் வெண்பொட்டுகளிற் பலவும் இலைக்கன்களே. அவை பட்டையோடு ஒட்டியிருப்பதால் நகத்தாற் பெயரா.

மயங்கத்தக்கவை

குருவிச்சை: உண்மையான இலையும் தண்டும் உடையது, கிளையினுள் ஊடுருவி நீரை உறிஞ்சும். பற்றிய கிளையோடு வெட்டியகற்றுக.

இளஞ்சிவப்பு நோய்: மழைக்காலத்திற் கிளையில் முதலில் சிலந்திவலை போன்ற இழைகளும், பின்னர் இளஞ்சிவப்புப் படையும் தோன்றும், அதற்கு மேலுள்ள பகுதி வாடும். நோயுற்ற இடத்துக்குக் கீழே, நல்ல பகுதியில் வெட்டி எரித்துவிடுக.

செதிற்பூச்சி: சிறு செதில்களாய் ஒட்டியிருக்கும், உயிருள்ளதை நசுக்கினால் ஈரங் கசியும்.

செய்யத்தக்கது

வாடிய மரத்தில் இலைக்கன் மிகுந்திருத்தலைக் கண்டு, அதுவே மரத்தைக் கெடுத்ததென எண்ணுதல் தவறு. இலை உதிர்ந்து கிளைகளில் வெயில் படும்போது இலைக்கன் செழிக்கும். ஆகவே அது வாட்டத்தின் காரணமன்று. வாட்டத்தைக் காட்டும் குறியாகலாம். அத்தகைய மரத்தின் அடியிலே நீர் தேங்குகின்றதா, வேர் அழுகியுள்ளதா, பசளை குறைந்துள்ளதா என ஆராய்தல் வேண்டும். வடிகால் வெட்டி, பட்ட கிளைகளைக் களைந்து, கூட்டெரு இடுக. மரம் தழைத்து நிழல் கூடினால் இலைக்கன் தானே குறையும்.

செழிப்பான மரத்திலுள்ள இலைக்கனை அப்படியே விட்டுவிடலாம். ஐயமுண்டாயின், கத்தியை எடுக்குமுன் ஒரு துண்டைப் பட்டையோடு எடுத்துச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் நன்று.