மின்கார் எந்த நாட்டில் மலிவு? ஒப்பிடும் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

மின்காரின் விலை எந்த நாட்டில் குறைவு என்பது ஒரு கேள்வி. அதை வாங்குவது எந்த நாட்டு மக்களுக்குக் கட்டுப்படியாகும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்வியில் சம்பளம், வரி, கடன் வட்டி, பெட்ரோல் விலை, மின்கட்டணம் எல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன. நாடுகளை ஒப்பிட ஐந்து அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன: நாணய மாற்று விலை, வாங்கும் திறன் சமநிலை, எத்தனை மாத வருமானம் என்ற கணக்கு, அதே ரகப் பெட்ரோல் காரோடு உள்ள வித்தியாசம், மாதாந்திர மொத்தச் செலவு.

பொருளியல், வணிகவியல் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்தால் பெரும்பாலும் முதல் அளவுகோலிலேயே நின்றுவிடுகிறார்கள். தலைப்பே பல நேரம் சொந்தத் தேர்வாக இருப்பதில்லை. மின்கார்தான் இப்போது மவுசு என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அல்லது வெளிநாட்டுச் சித்தப்பா சொன்ன விலையைக் கேட்டு மலைத்துப்போன அப்பா, அதையே எடு என்று வற்புறுத்தியிருப்பார். அளவுகோலும் அதே வழியில்தான் வருகிறது. சீனாவில் எட்டரை லட்ச ரூபாய்க்கு மின்கார் என்று ஒரு காணொளி சொன்னால், அந்த எண்ணே ஆய்வின் முடிவாகவும் ஆகிவிடுகிறது.

நாணய மாற்று விலை

அளவுக்கு மீறிப் புகழ் பெற்ற அளவுகோல் இதுதான். அந்நிய நாட்டு விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினால் வேலை முடிந்தது. இந்த எளிமைதான் அதன் கவர்ச்சி, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

முதல் சிக்கல், விலை என்று எழுதப்படும் எண் எல்லா நாட்டிலும் ஒன்றையே குறிப்பதில்லை என்பது. அமெரிக்க விலைப்பட்டியலில் மாநில விற்பனை வரி சேர்ந்திருக்காது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தே இருக்கும். இந்திய ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி உண்டு. காப்பீடும் பதிவுச் செலவும் தனி. சிங்கப்பூரில் காரை வைத்திருக்கும் உரிமைக்கே ஏலம். பத்தாண்டுக்கான அந்தச் சான்றிதழ் 2025இல் 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. அங்கே காருக்குள் இருக்கும் இரும்பையும் பேட்டரியையும் விட அந்தத் தாளுக்குக் கூடுதல் விலை கொடுக்க நேர்வதுண்டு. இலங்கையில் 2020 முதல் முடங்கியிருந்த தனியார் கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. மின்காருக்கான கலால் வரி அங்கே மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இந்த எண்களையெல்லாம் ஒரே பத்தியில் வரிசையாக அடுக்கினால் கார்களின் விலையை ஒப்பிட்டதாகாது, அரசாங்கங்களின் வரிக்கொள்கையை ஒப்பிட்டதாகத்தான் ஆகும்.

இரண்டாவது சிக்கல், ஒரே கார் என்று நினைப்பது ஒரே காராக இருப்பதில்லை. பிஒய்டி நிறுவனத்தின் சீகல் இதற்கு நல்ல உதாரணம். 2023இல் சீனாவில் 73,800 யுவானுக்கு வந்த இந்தச் சிறிய கார், மறு ஆண்டே 69,800 யுவானுக்கு இறங்கியது. 2025இல் டால்பின் சர்ஃப் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனபோது ஜெர்மனியில் அதன் தொடக்க விலை 22,990 யூரோ. மாற்று விகிதத்தில் பார்த்தால் சீன விலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் ஐரோப்பிய வடிவத்தில் உடல் நீளம் கூடுதல், பாதுகாப்புக் கருவிகளும் கூடுதல். போதாக்குறைக்கு, ஐரோப்பிய ஒன்றியம் வழக்கமான 10% சுங்கத்தோடு இந்த நிறுவனத்தின் சீனத் தயாரிப்புக் கார்களுக்கு 2024 அக்டோபரில் மேலும் 17% விதித்தது. இந்த இரண்டரை மடங்கில் லாபம் எவ்வளவு, வரி எவ்வளவு, வேறு கார் என்பதற்கான விலை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாற்று விகிதத்தால் முடியாது.

ஓடும் தூரத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. அதே 30 கிலோவாட் மணி பேட்டரிக்குச் சீனச் சோதனை முறை 305 கிலோமீட்டர் என்கிறது. ஐரோப்பியச் சோதனை முறை 220 என்கிறது. பேட்டரி மாறவில்லை, அளந்த விதம்தான் மாறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஒரு கிலோமீட்டர் ஓடுதூரத்துக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடும் அட்டவணைகள் பார்க்க அழகாக இருக்கும், உதவாது.

மூன்றாவது சிக்கல் அடிப்படையானது. விலையை ரூபாயாக மாற்றிய அதே கையால் சம்பளத்தை யாரும் மாற்றிப் பார்ப்பதில்லை. ஜெர்மன்காரர் யூரோவில் சம்பாதித்து யூரோவில் வாங்குகிறார். அவருக்கு அந்தக் கார் கட்டுப்படியாகுமா என்பதில் ரூபாய்க்கு எந்த வேலையும் இல்லை. மாற்று விகிதம் பயன்படும் இடங்கள் இரண்டுதான்: காரை நிஜமாகவே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இறக்குமதி செய்பவரின் கணக்கு, உற்பத்திச் செலவை ஆராய்பவரின் கணக்கு. கட்டுப்படியாவது பற்றிய ஆய்வில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வதே நல்லது.

வாங்கும் திறன் சமநிலை

நாட்டுக்கு நாடு சோறு, வீட்டு வாடகை, முடிதிருத்தும் கூலி வேறுபடுவதைச் சரிக்கட்டும் கணக்கு இது. உலக வங்கியின் கணக்கில் ஒரு டாலர் இந்தியாவில் 20 ரூபாயை ஒட்டிய மதிப்புப் பெறுகிறது. சந்தை விகிதமோ அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். உள்ளூர்ச் சேவைகளுக்கு இது பொருந்தும். பேட்டரி செல், சிப், காந்தம் போன்றவை உலகச் சந்தையில் டாலர் விலைக்கே வருபவை. ஆகவே கார் விஷயத்தில் இந்த அளவுகோலால் பெரிய தெளிவு கிடைப்பதில்லை.

எத்தனை மாத வருமானம்

உள்ளூர் விலையை உள்ளூர் வருமானத்தால் வகுக்கும் முறை இது. நாணயம் மேலும் கீழும் அடிபட்டுப் போவதால் மாற்று விகிதத்தின் தொல்லை இல்லை. மேலே சொன்ன சீகல் காரை இதில் வைத்தால் காட்சி தலைகீழாகிறது. சீனாவின் தலைக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி 2024இல் சுமார் 95,700 யுவான். அதன்படி கார் ஒன்பது மாத வருமானத்துக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் அதே அளவீடு சுமார் 51,000 யூரோ; அங்கே இரண்டரை மடங்கு விலை சொல்லும் கார் ஐந்தரை மாத வருமானத்துக்குள் முடிந்துவிடுகிறது.

டெஸ்லாவின் மாடல் ஒய் இன்னும் கூர்மையாகக் காட்டும். 2025 ஜூலையில் அது இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 59.89 லட்ச ரூபாய். அப்போது அமெரிக்காவில் 44,990 டாலர், சீனாவில் 2,63,500 யுவான். தலைக்கு உள்நாட்டு உற்பத்தியால் வகுத்தால் அமெரிக்கருக்கு ஆறு மாதம் சொச்சம், சீனருக்கு 33 மாதம், இந்தியருக்கு 25 ஆண்டு. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் காருக்கு இந்தியா விதிக்கும் சுங்கமும், இந்திய வருமானமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

எந்த வருமானம் என்பதில் கவனம் தேவை. தலைக்கு உள்நாட்டு உற்பத்தி கைக்கு வரும் பணம் அன்று. சீனாவில் 2024இல் ஒருவர் கையில் செலவழிக்கக் கிடைத்த சராசரி வருமானம் 41,314 யுவான். அதைக்கொண்டு வகுத்தால் சீகலின் ஒன்பது மாதம் இருபது மாதமாகிவிடும். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கார் வைத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கு எட்டைத் தாண்டவில்லை. அங்கே சராசரி மனிதரின் வருமானத்தை எடுப்பதைவிட, கார் வாங்கும் நிலையில் உள்ள குடும்பத்தின் வருமானத்தை எடுப்பது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

பெட்ரோல் காரோடு உள்ள வித்தியாசம்

கார் வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டவர் மின்காரை வைத்துப் பார்ப்பது பக்கத்து ஷோரூமின் பெட்ரோல் காரோடுதான். வேறு நாட்டு மின்காரோடு அல்ல. மாணவர்கள் மிகக் குறைவாகக் கையாளும் இந்த அளவுகோல்தான் கொள்கையின் கைவண்ணத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. நார்வே 2001 முதல் மின்காருக்கு மதிப்புக் கூட்டு வரியை விலக்கியது. பெட்ரோல் காருக்கோ அதோடு கொள்முதல் வரியும் சேர்ந்தது. 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9% மின்கார். நார்வே பணக்கார நாடு என்பது மட்டும் காரணமானால் நேபாளத்துக்கு விளக்கம் கிடைக்காது. வருமானம் குறைந்த அந்த நாட்டில் இறக்குமதியாகும் புதுப் பயணிகள் கார்களில் பெரும்பகுதி மின்கார்தான். பெட்ரோல் காருக்குக் கடும் வரி, மின்காருக்குக் குறைந்த வரி, நீர்மின்சாரம் சொந்த மண்ணில், பெட்ரோல் முழுக்க இறக்குமதி என்று எல்லாம் ஒரே திசையில் தள்ளுகின்றன.

ஷாங்காயில் பெட்ரோல் காரின் நம்பர் பிளேட் ஏலத்தில் 90,000 யுவானை ஒட்டிப் போவதுண்டு. மின்காருக்கு அது இலவசம். சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 அறிக்கைப்படி, சீனாவில் முந்தைய ஆண்டு விற்ற மின்கார்களில் மூன்றில் இரண்டு பங்கு, மானியம் இல்லாமலேயே அதே ரகப் பெட்ரோல் காரைவிட மலிவு. ஜெர்மனியில் மின்கார் சராசரியாக 20% விலை கூடுதல், அமெரிக்காவில் 30%. இந்தியாவில் மின்காருக்கு ஜிஎஸ்டி 5%. சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18% ஆகக் குறைந்ததும், இரண்டுக்கும் இடையிலான விலைப் பள்ளம் மின்காருக்குப் பாதகமாக அகன்றது.

மாதாந்திர மொத்தச் செலவு

தவணை, எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு எல்லாவற்றையும் மாதக் கணக்கில் கூட்டுவது இம்முறை. உழைப்பு அதிகம் கேட்கும், பலனும் அதிகம். ஒரு இந்தியக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மின்காரும் பெட்ரோல் காரும் 3 லட்ச ரூபாய் வித்தியாசம். மின்கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், யூனிட் 8 ரூபாய். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 5,500 ரூபாய் மிச்சம். நாலரை ஆண்டில் வித்தியாசம் கழிந்துவிடும். மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் பதினைந்து ஆண்டு ஆகும். கார் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். ஓட்டம் மாறியதும் விடை மாறிவிட்டது.

பேட்டரியை வாடகைக்கு விடும் முறையையும் இந்தக் கணக்கில்தான் உரசிப் பார்க்க முடியும். 2024இல் எம்ஜி விண்ட்சர் மின்கார் பேட்டரியோடு 13.50 லட்ச ரூபாய், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாயும். 1 லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் வாடகை அந்த வித்தியாசத்தைத் தொட்டுவிடுகிறது. பிரான்ஸ் 2024 தொடக்கத்தில் குறைந்த வருமானக்காரர்களுக்கு மாதம் 100 யூரோவை ஒட்டிய குத்தகைக்கு மின்கார் தந்தபோது, விண்ணப்பங்கள் குவிந்து சில வாரங்களிலேயே திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

தேதியும் தேர்வும்

எந்த அளவுகோலானாலும் தேதி இல்லாத எண் பயன்படாது. ஜெர்மனி தன் மானியத்தை 2023 டிசம்பரில் திடீரென நிறுத்தியது. மறு ஆண்டு மின்கார் விற்பனை 27% சரிந்தது. அமெரிக்காவின் 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. நார்வே 2023 முதல் மின்கார் விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கத் தொடங்கியது.

அளவுகோலைத் தேர்பவர் ஊர் என்ன செய்கிறது என்று பார்ப்பதைவிடத் தன் நாட்டம் எதில் என்று பார்ப்பது மேல். மக்களின் வாழ்க்கைநிலையில் ஈடுபாடு உள்ளவருக்கு வருமானக் கணக்கு பொருந்தும். வரியையும் கொள்கையையும் துருவிப் பார்க்க விரும்புபவருக்குப் பெட்ரோல் காரோடு ஒப்பிடும் முறை. எண்ணோடு பொறுமையாக மல்லுக்கட்டத் தெரிந்தவருக்கு மாதாந்திரச் செலவு. பத்து நாடுகளை மேலோட்டமாக அடுக்குவதைவிட இரண்டு நாடுகளை ஆழமாகப் பார்ப்பது நல்ல ஆய்வாகும். ஒரே ரகம், ஒரே பேட்டரி அளவு, ஒரே மாதத்தின் விலை, வரி உள்ளடங்கியதா என்ற குறிப்பு ஆகிய நான்கையும் சேகரிக்கவே சில வாரம் பிடிக்கும். அந்த வாரங்களை மிச்சப்படுத்தி எடுத்த முடிவு முதல் கேள்வியிலேயே ஆட்டம் காணும். வீட்டுக்குக் கார் வாங்குபவருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்: தன் மாத ஓட்டம், வீட்டில் சார்ஜ் செய்யும் வசதி, கடன் வட்டி ஆகிய மூன்றையும் எழுதிவைத்த பிறகே அடுத்த நாட்டு விலையைப் பார்க்க வேண்டும்.