கிரெடிட் வரும், கிரேடு வராது

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் செலவு நன்றாகக் குறையும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இப்படி மாறுபவர்களுக்கு 70 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்) வரை கணக்கில் எடுக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் 'சி'க்குக் குறைந்த கிரேடு வாங்கிய பாடத்தை ஏற்க மாட்டார்கள். ஏற்ற பாடத்தின் கிரேடும் புதிய ஜிபிஏவில் சேராது.

பட்டத்துடன் தரும் 'கும் லாடே' போன்ற கௌரவத்துக்கு, இத்தனை கிரெடிட்டைத் தங்களிடமே படித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. செலவு குறைவென்று வேறு கல்லூரியில் கோடை வகுப்பு எடுக்கும் பிள்ளைகள் இங்கேதான் அடிபடுகிறார்கள். பணம் கட்டும் முன்பே உங்கள் பல்கலைக்கழக ஆலோசகரின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும், வாராந்தரத் தலைப்புகள், பாடப்புத்தகப் பெயர் உட்பட, பத்திரப்படுத்துங்கள். "எங்கள் பாடத்துக்கு இது ஈடாகாது" என்று மறுத்தால், முறையீடு செய்ய அதுதான் ஆதாரம்.