ஒலிக்கம்பிக்கு ஏற்ற உலோகம் எது?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வெள்ளிக்கம்பி போட்டால் இசை தெளிவாகக் கேட்கும் என்பார் உளர். 20 டிகிரி செல்சியசில் மின்தடை எண், 10⁻⁸ ஓம்-மீட்டர் அலகில், வெள்ளிக்கு 1.59, செம்புக்கு 1.68, தங்கத்துக்கு 2.44, அலுமினியத்துக்கு 2.65. இவ்வெண் குறையக் குறைய மின்சாரம் எளிதாகப் பாயும். அப்படியானால் வெள்ளியே சிறந்ததா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

5 மீட்டர் தொலைவிலுள்ள 8 ஓம் ஒலிபெருக்கிக்குப் போக வர 10 மீட்டர் கம்பி வேண்டும். குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் எனில், செம்பின் தடை 0.112 ஓம், வெள்ளியின் தடை 0.106 ஓம். 8 ஓமுக்கு முன் இவ்வேறுபாடு காதுக்கு எட்டாது. செம்பையே 2.5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் போட்டால் தடை 0.067 ஓம்தான், வெள்ளி தோற்றுவிடுகிறது!

தங்கம் செம்பைவிடக் குறைவாகவே கடத்தும். ஆயினும் அதில் களிம்பு ஏறாது. எனவே இணைப்புச் செருகிகளின் மேல் பூசுகின்றனர்.

விலை உயர்ந்ததெல்லாம் பயன் உயர்ந்ததன்று. பணம் கொடுக்குமுன் ஓமின் கணக்கைக் கேட்போம்.