நீச்சல் தொட்டியின் கால் நிற்கும் இடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடை விடுமுறை தொடங்கியதும் இரும்புக் குழாய்க் கால்களும் பிவிசி விரிப்பும் கொண்ட நீச்சல் தொட்டிகள் வீட்டு வாசல்களிலும் கொல்லைகளிலும் எழும்பிவிடுகின்றன. பிள்ளைகள் பக்கத்தில் நின்று நச்சரிக்க, தரையைச் சரிபார்க்காமலே தொட்டியைப் பூட்டிக் குழாயைத் திறந்துவிடுகிறோம். 10 அடி விட்டமும் 30 அங்குல உயரமும் உள்ள ஒரு தொட்டி சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். அதாவது நாலரை டன். இவ்வளவு பாரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் பரவலாக இருக்கும் ஐந்து தவறான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பார்வைக்குச் சமமாகத் தெரிந்தால் போதும்.

உண்மை: கண் ஏமாற்றும், தண்ணீர் ஏமாற்றாது. தரை சாய்ந்திருந்தாலும் தண்ணீரின் மேல்மட்டம் சாயாது. ஆகவே பள்ளமான பக்கத்தில் ஆழம் கூடும். சுவரைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதுதான் இதில் உள்ள சிக்கல். ஒரு பக்கம் 55 செ.மீ., எதிர்ப்பக்கம் 65 செ.மீ. ஆழம் என்றால், ஆழமான பக்கத்துச் சுவர் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் தள்ளலைத் தாங்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கால்கள்தான் முதலில் வெளியே சாயும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். கண்ணாடி போலத் தெரியும் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை ஒரு கால் வரும் இடத்திலும், மறுமுனையை அடுத்தடுத்த கால்கள் வரும் இடங்களிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அடி ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு அடிக்குத்தான் கணக்கு; பத்தடிக்கு ஆகாது.

நம்பிக்கை 2: பள்ளத்தில் மணல் கொட்டி நிரவினால் சரியாகிவிடும்.

உண்மை: பள்ளத்தை நிரப்பக் கூடாது, மேட்டை வெட்ட வேண்டும். புதிதாகக் கொட்டிய மண் பாரம் ஏற ஏற அமுங்கும். மணலோ, பிள்ளைகள் குதிக்கும்போது வழியும் தண்ணீரோடு அரித்துக்கொண்டு போகும். காலங்காலமாக இறுகிக் கிடக்கும் மண் வரை மேட்டைச் செதுக்கி, புல் வேர்களையும் கற்களையும் எடுத்துவிட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினால் அதுவே நல்ல தளம்.

நம்பிக்கை 3: தாழ்ந்த காலுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தால் ஆயிற்று.

உண்மை: சென்ற கோடையில் என் அக்கா வீட்டில் இதைத்தான் செய்திருந்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது செங்கல்லின் ஒரு முனை ஈரமண்ணில் புதைந்திருந்தது. அதன்மேல் நின்ற கால், ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நகர்ந்து, மேல் குழாயின் இணைப்பு வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளை வெளியேற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டோம்.

ஈர வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டால் கால்கள் எப்படிப் புதையும் என்பது நமக்குத் தெரியும். பாரம் சிறு இடத்தில் குவிவதுதான் காரணம். அதைப் பரப்ப வேண்டும். ஒரு அடி சதுரமுள்ள கனமான கான்கிரீட் பேவர் கல்லை ஒவ்வொரு காலுக்கும் வையுங்கள். காலின் அடிப்பரப்பைவிட அதன் பரப்பு பல மடங்கு இருக்கும். கல்லைத் தரைமேல் வைக்காமல், அதன் கனத்துக்குக் குழி வெட்டி, அடியில் கிராவலை இடித்து, கல்லின் மேல்பரப்பு தரையோடு தரையாக இருக்கும்படி பதியுங்கள். கால் மட்டும் உயர்ந்து நின்றால் விரிப்பு இழுபடும். மரப்பலகை வேண்டாம், ஈரத்தில் உளுக்கும், கரையான் பிடிக்கும்.

நம்பிக்கை 4: வெயிலில் காய்ந்த கரிசல் மண் கல் மாதிரி, எதையும் தாங்கும்.

உண்மை: காய்ந்திருக்கும் வரைதான். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தொட்டியைச் சுற்றித் தினமும் நனையும் இடத்தில் ஒரு கால் ஏறும், ஒரு கால் இறங்கும். மேல் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இடித்து, தண்ணீர் தேங்காமல் வெளியே ஓட வழி செய்யாமல் அங்கே தொட்டி நிறுத்தக் கூடாது.

நம்பிக்கை 5: மொட்டை மாடிதான் கெட்டியான, சமமான இடம்.

உண்மை: ஐந்திலும் ஆபத்தானது இதுதான். முதலில், மொட்டை மாடி சமமே அல்ல. மழைநீர் வடிவதற்காகச் சரிவாகவே போடப்படுகிறது. அதைவிட முக்கியம் பாரம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுப் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 60 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. நான்கு மடங்கு! "மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் நிற்கிறதே" என்பார்கள். முறையாகக் கட்டிய வீட்டில் அந்த டேங்க்கின் பாரம் சுவர்களுக்கும் பீம்களுக்கும் போகும். உங்கள் தொட்டி ஸ்லாபின் நடுவில் உட்கார்ந்திருக்கும். கட்டட வடிவமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சம்மதிக்காமல் மாடியில் தொட்டி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. முழுக்க நிரப்புமுன் கால் பங்கு மட்டும் நிரப்பி நிறுத்துங்கள். எதிரெதிராக நான்கு இடங்களில் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் 2.5 செ.மீ.க்கு மேல் போனால் வடித்துவிட்டுத் தளத்தைத் திருத்துங்கள். நிரம்பிய தொட்டியின் காலைக் கடப்பாரையால் நெம்பிச் சரிசெய்ய ஒருபோதும் முயலாதீர்கள். ஒரு நாள் தாமதமானால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். தரையைச் சரிபார்த்த பிறகே அவர்களைத் தண்ணீரில் இறக்குங்கள்.