கருந்துளையைக் காட்டிக்கொடுத்த கணக்கு

வியாபாரம் செய்யும் நமக்குக் கணக்கு புதிதன்று. வரவுக்கு மிஞ்சிய செலவு ஒரு கடையில் நடக்குமானால், பேரேட்டில் ஏறாத முதல் எங்கேயோ உண்டு என்று உடனே சொல்லிவிடுவோம். கருந்துளை என்னும் அதிசயப் பொருளை வான ஆராய்ச்சியாளர்கள் ஊகித்ததும் இத்தகைய கணக்கினாலேயே ஆகும்.

1963-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பலோமர் வான ஆராய்ச்சி நிலையத்தில் மார்ட்டின் ஷ்மிட் என்பார் 3சி 273 என்ற பொருளின் ஒளியை ஆராய்ந்தார். பார்வைக்கு அது சாதாரண நட்சத்திரம். ஆயினும், அதன் ஒளியிலுள்ள ஹைட்ரஜன் கோடுகள் சிவப்பு நிறத்தை நோக்கிச் சுமார் 16 சதவீதம் விலகியிருந்தன. அண்டம் விரிந்து வருவதால், தூரம் மிகுந்த அளவுக்கு இவ்விலகலும் மிகும். ஆகவே, அது 200 கோடி ஒளி ஆண்டுகளுக்கும் அப்பால் இருப்பது புலனாயிற்று. அங்கிருந்து இங்கே தெரிய வேண்டுமானால், நமது பால்வீதி மண்டலத்தைப் போல் சுமார் நூறு மடங்கு ஒளியை அது செலவிட வேண்டும்! இத்தகைய பொருள்களுக்குக் குவாசர் என்று பெயர்.

இவ்வளவு ஒளியும் மிகச் சிறிய இடத்திலிருந்து வருகிறது. அதன் பிரகாசம் சில மாதங்களுக்குள் கூடிக் குறைந்தமையால், அவ்விடம் ஓர் ஒளி ஆண்டு அகலங்கூட இராது என்று கணித்தனர்.

இச்செலவுக்கு முதல் எது? சூரியனில் நடப்பதைப் போல் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறினால், 1,000 கிராமுக்கு 7 கிராமே சக்தியாகும். இக்கணக்குக் கட்டாது. 1964-இல் சால்பீட்டர், செல்டோவிச் ஆகிய இருவரும் தனித்தனியே வேறு வழி காட்டினர். மண்டலத்தின் நடுவே மாபெரும் எடையுள்ள பொருள் இருக்குமானால், அதை நோக்கி விழும் வாயு சுழன்று, உரசி, கொதித்து ஒளிவிடும். அவ்வழியில் 1,000 கிராமுக்குச் சுமார் 100 கிராம் சக்தியாகக் கூடும். கருந்துளைக்குள் புகுந்த பின் ஒளி மீளாது. புகுமுன் எரியும் வாயுவே நாம் காணும் வெளிச்சம்.

பின்னர் 2019-இல், உலகின் பல இடங்களிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, எம் 87 மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழலைப் படமாக வெளியிட்டனர். அதன் எடை 650 கோடி சூரியன்களுக்குச் சமம்.

நமது பால்வீதியின் நடுவிலும் 40 லட்சம் சூரியன் எடையுள்ள ஒன்று உண்டு. அங்கே வாயுவின் வரத்துக் குறைவு. ஆகவே அது அடங்கிக் கிடக்கிறது.

கணக்கு எழுதி 55 ஆண்டுகள் கழித்தே சரக்கின் நிழல் கண்ணுக்குத் தெரிந்தது. காணாததைப் பொய்யென்று தள்ளுவதும் தகாது. கணக்குப் பாராமல் நம்புவதும் தகாது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுவே.